பெயர் வெட்டாத கல்

ராஜப்பன் ஐந்தரை மணிக்கு எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினான். கிணற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தான். பல் துலக்கினான். அடுப்பை மூட்டி, கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றிக் கூழ் காய்ச்சினான். அடிப்பிடித்தது. பிடிக்காத பாகத்தைக் குடித்துவிட்டுச் சட்டியில் தண்ணீர் விட்டு ஊறவைத்தான். சவரம் செய்துகொண்டான். குளித்தான். ஏழேகாலுக்கு வீட்டைப் பூட்டினான். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

மனைவி சாந்தம்மா இறந்து முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது. முப்பத்தொரு நாளும் இப்படித்தான் விடிந்தது.

மத்திகிரி அரசாங்கக் கால்நடைப் பண்ணையில் அவன் குமாஸ்தா. சேலத்தில் பி.ஏ. படித்தவன். மாடுகளின் பிறப்பு இறப்புப் பதிவேடு அவன் பொறுப்பு. உத்தனப்பள்ளி மிஷன் பள்ளி வாத்தியாரின் மகன் என்பதால் மத்திகிரிக்கு வந்த முதல் வாரமே சபையில் பெயர் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் சங்கத்திலும் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று காலை சங்கம் அவன் வாசலிலேயே நின்றது. சபை உபதேசியார் மாசிலாமணி, கக்கத்தில் குடை, கையில் நோட்டுப் புத்தகம்.

"தம்பி, கொஞ்சம் நில்லும்."

நின்றான்.

"அந்த விஷயமா யோசிச்சீரா?"

"எந்த விஷயங்க ஐயா?"

"கல்லு விஷயம்."

மாசிலாமணி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். ஓசூர்ப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுகிற ஜனங்கள் நடுவே பன்னிரண்டு வருடம் இருந்தும் அவர் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. தன் பரிசுத்தத்துக்கு அதையும் ஓர் அத்தாட்சியாக அவர் நினைத்தார். பரிசுத்த ஜீவிய சங்கத்தை இந்த ஊரில் தொடங்கியவர் அவர்தான். அது நடந்து ஐந்து வருடம் முடியப்போகிறது.

சங்கத்துக்குப் பன்னிரண்டு விதிகள். பூ வைக்கக் கூடாது. டூரிங் கொட்டகையில் படம் பார்க்கக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது. எருது விடும் விழாவை வேடிக்கை பார்க்கக் கூடாது. வீட்டுக்குள் இருக்கும்போது எருது தெரு வழியாக ஓடினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டுவிட்டார். இரண்டு வாரம் விவாதித்து, சன்னலைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தால் குற்றமில்லை என்று தீர்மானமாயிற்று. முதல் வருடம் காப்பி குடிக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. உபதேசியாருக்குத் தலைவலி வரத் தொடங்கியதும் அதை எடுத்துவிட்டு, பகல் தூக்கத்தைச் சேர்த்தார்கள். உபதேசியார் பகலில் தூங்குகிறவர் அல்ல.

வெள்ளிக்கிழமை மாலை கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரம் எந்தப் பாவத்தை ஜெயித்தோம் என்று சொல்ல வேண்டும். ஒருவர் கோபத்தை ஜெயித்திருப்பார். ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரி மேல் வந்த பொறாமையை ஜெயித்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். மணமாகி வந்த புதிதில் சாந்தம்மாவின் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"இந்த வாரம் ஒண்ணையும் ஜெயிக்கலீங்க. மாவு அரைக்கிற வேலை இருந்தது."

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் விதியை மீறினார்கள். மீறச் செய்தவள் என்று சாந்தம்மாவின் பெயரை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவள் திரும்பப் போகவில்லை, ராஜப்பனும் போவதை நிறுத்திக்கொண்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு டைபாய்டு வந்து பத்தொன்பதாம் நாள், காலை பதினொரு மணிக்கு உயிர் போயிற்று. அடக்கத்தின்போது மாசிலாமணி அவளைச் சங்கத்தின் முத்து என்றார். ராஜப்பன் கேட்டுக்கொண்டு நின்றான். அப்போது அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை.

கல் விஷயம் இதுதான். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் வருடத்துக்கு ஒருமுறை சேலத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் 'பரிசுத்த மரணங்கள்' என்று ஒரு கட்டம். யார் இறந்தார், கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன, கேட்டவர் யார், கையெழுத்து. கிருஷ்ணகிரிச் சங்கத்துக்கு அந்தக் கட்டத்தில் மூன்று பெயர்கள் வந்துவிட்டன. மத்திகிரியின் கட்டம் ஐந்து வருடமாக வெள்ளையாகவே போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாய்ப்பு வந்தது. கிருபையம்மாளுக்கு மஞ்சள் காமாலை. அறுபது வயதைத் தாண்டிய விதவை. சங்கத்தின் பன்னிரண்டு விதிகளையும் தான் கடைப்பிடிப்பதோடு மற்றவர்கள் கடைப்பிடிக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்கிறவள். பிழைக்கமாட்டாள் என்று வைத்தியர் கைவிரித்தார். சங்கம் முழுக்கக் கட்டிலைச் சுற்றி நின்றது. கிருபையம்மாள் கண்ணைத் திறந்து, "அக்கரை தெரிகிறது, படகும் வந்துவிட்டது" என்றாள். அவள் வாழ்நாளில் படகைப் பார்த்ததில்லை. எல்லோரும் அழுதார்கள். மாசிலாமணி எழுதிக்கொண்டார். மறுநாளே பேரிகைக்குப் போய்க் கல்தச்சன் வெங்கடப்பனிடம் கொடுத்தார். வெங்கடப்பன் கல்லறையில் நடுவதற்கென்று நல்ல கருங்கல்லில் அந்த வாக்கியத்தை மணிமணியாக வெட்டிக் கொடுத்தான். ஆனால் பெயரை வெட்டமாட்டேன் என்றான்.

"உசுரோட இருக்கிறவங்க பேரைக் கல்லுல வெட்டறதில்ல சாமி. எங்க அப்பன் காலத்திலேர்ந்து வழக்கம். முடிஞ்சப்புறம் சொல்லி அனுப்புங்க, நானே வந்து வெட்டித் தரேன்."

நாலாம் நாள் கிருபையம்மாள் களி வேண்டும் என்றாள். ஓர் உருண்டை தின்றுவிட்டு, கீரைக் குழம்போடு இன்னோர் உருண்டை கேட்டாள். ஒரு வாரத்தில் எழுந்து நடந்தாள். கல்லை உபதேசியார் வீட்டுப் பின்பக்கம் குப்புறப் போட்டார்கள். இரண்டு வருடமாக அவர் மனைவி அதன்மேல் துணி துவைக்கிறாள்.

"வாக்கியம் தயாரா இருக்கு," என்றார் மாசிலாமணி. "பேரும் தேதியும் வெட்டணும், அவ்வளவுதான். வெங்கடப்பன்கிட்ட சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை சேலத்திலேர்ந்து வட்டக் குரு வாராரு. அறிக்கையை வாசிப்பேன். நீரு எந்திரிச்சு, ஆமா, அவ சொன்னா, நான் கேட்டேன்னு ஒரு வார்த்தை. ஒரு கையெழுத்து."

"சாந்தம்மா அப்படிச் சொல்லலீங்க."

"சொன்னாளான்னு நான் கேக்கலையே தம்பி. சொல்லக்கூடியவதானே?"

ராஜப்பன் யோசித்தான். "இல்லீங்க," என்றான்.

மாசிலாமணி கோபத்தை ஜெயித்தவர். சிரிக்காமல் புன்னகைத்தார். "சரி. வேற என்ன சொன்னா? அதைச் சொல்லும். எழுதிக்கிடுதேன்."

நோட்டைத் திறந்தார். பென்சில் நுனியை நாக்கில் தொட்டார். ராஜப்பனுக்கு அப்போதே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. உள்ளதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள். ஆனால் ஆபீசுக்கு நேரமாகியிருந்தது.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல சொல்றேங்க," என்றான்.

"வாரும். நீரு பி.ஏ. படிச்சவரு. நல்லாச் சொல்லுவீரு."

வெள்ளிக்கிழமை போனான். இரண்டு வருடத்துக்குப் பிறகு சங்கத்துக்குள் கால் வைத்தான். சொல்லிவிட்டு வந்துவிடுவது என்றுதான் போனான். ஆனால் மாசிலாமணி முந்திக்கொண்டார். அவர் பண்ணைக்குப் போய்ச் செல்லியைப் பார்த்து வந்திருந்தார். செல்லி மாட்டுக் கொட்டகையில் சாணம் வாருகிறவள். சபையைச் சேர்ந்தவள் அல்ல. சாந்தம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த பத்தொன்பது நாளும், ராஜப்பன் ஆபீசில் இருந்த நேரமெல்லாம், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். சங்கத்திலிருந்து இருபத்திரண்டு பேர் ஜன்னல் வழியாக ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். காய்ச்சல் தொற்றும் என்று பயம்.

"மரணத்துக்கு மூணு நாளைக்கு முன்னால," என்று மாசிலாமணி நோட்டைப் பார்த்து வாசித்தார், "நம்ம சகோதரி பரலோகப் பந்தியின் வெண்மையான போஜனத்தை வாஞ்சித்துக் கண்ணீர் விட்டாள்."

"ஆமென்," என்றது கூட்டம்.

ராஜப்பனுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. எருமைத் தயிர். சாந்தம்மா எருமைத் தயிர் கேட்டாள். டாக்டர் கூடாது என்றிருந்தார். செல்லி தரமாட்டேன் என்றாள். அதற்குத்தான் அழுதாள்.

மாசிலாமணி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "மரணத்துக்கு முந்தின நாள், உலகத்தின் இரைச்சல் தன் செவியில் விழாதபடி விலகியிருக்க விரும்பினாள்."

அது, ஜன்னலில் நின்று பாடியவரைக் கொஞ்சம் தள்ளிப் போகும்படி சாந்தம்மா சொன்னது. பாடியவர் மாசிலாமணியேதான். அதுவும் அவருக்குத் தெரியும்.

"இப்ப தம்பி கடைசி வார்த்தையைச் சொல்லுவாரு," என்றார்.

ராஜப்பன் எழுந்தான். இருபத்திரண்டு முகங்கள். பென்சில் நாக்கைத் தொட்டுவிட்டுத் தாளுக்கு மேலே வந்து நின்றது. தயிருக்கே இந்தக் கதி. அவன் வாயைத் திறந்தால் அந்த ஒரு வாக்கியமும் உள்ளே போகும். இறக்கை முளைத்து வெளியே வரும். ஆமென் என்பார்கள். பிறகு அது அவளுடையதாக இருக்காது.

"எனக்கு உடம்பு சரியில்லீங்க," என்று உட்கார்ந்துவிட்டான்.

"துக்கம்," என்று மாசிலாமணி கூட்டத்துக்கு விளக்கினார். "ஞாயித்துக்கிழமை சொல்லுவாரு. இல்லேன்னா கல்லுல இருக்கிறதே நிக்கட்டும்."

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ராஜப்பன் எழுந்தபோது காதுக்குள் சாந்தம்மாவின் குரல் கேட்டது. அவளுடைய குரலேதான். கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். 'அக்கரை தெரிகிறது, படகும் வந்துவிட்டது' என்றது.

பாயிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் ஒருநாளும் புத்தகத் தமிழில் பேசியதில்லை. உண்மையான வாக்கியத்தை நினைத்துப் பார்த்தான். உடனே வரவில்லை. எந்த வார்த்தை முதலில், எது பின்னால் என்று குழம்பிற்று. படகு நடுவில் நடுவில் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி முயன்றான். வந்தது. ஆனால் தேடி எடுக்க வேண்டியிருந்தது. முப்பது நாளைக்கு மேல் மரத்துக் கிடந்தவனுக்கு அன்றுதான் பயம் வந்தது. அவள் புடவைகளை அவளுடைய அம்மா எடுத்துப்போய்விட்டாள். படம் எடுத்துக்கொண்டதில்லை. அவள் பேசியதில் அவன் கையில் முழுசாக மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான்.

பகலில் கிருபையம்மாள் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஏம்பா ராஜப்பா, நீ கையெழுத்துப் போடப் போறியாமே?"

"யார் சொன்னாங்க?"

"ஊரே சொல்லுது. நான் கேக்கறேன், அது யாரோட வார்த்தை?"

"உங்களோடதுதாங்க."

"அப்படிச் சொல்லு. நான் என்ன, தூக்கத்துல உளறுனதா? மூணு மாசம் யோசிச்சு வெச்சிருந்தது. படகுன்னு போடறதா, தேருன்னு போடறதான்னு எத்தினி ஜெபம் பண்ணியிருக்கேன் தெரியுமா? இப்ப அத எடுத்து உம் பொண்டாட்டிக்குக் குடுத்துட்டா, நாளைக்கு எனக்கு நேரம் வர்றப்போ நான் என்னாத்தைச் சொல்றது?"

"வேற ஏதாச்சும்..."

"வேற! உனுக்கு ஈசியா இருக்குது. எனுக்கு இனிமே வேற தோணுமா?" மூச்சு வாங்கினாள். "அவ நல்ல பொண்ணுதான், நான் இல்லேங்கல. ஆனா பூ வெச்சா. நான் பாத்தேன். கனகாம்பரம். என் வார்த்தையச் சொல்றவ கனகாம்பரம் வெச்சிருக்கக் கூடாது."

"நான் சொல்லலீங்க, அம்மா. அவளும் சொல்லல."

"அப்ப நாளைக்கு அங்க எழுந்து அதையே சொல்லு," என்றாள் கிருபையம்மாள். "பயப்படாத. நான் பின்னால இருக்கேன்." பரிசுத்த ஜீவிய சங்கத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே துணை அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. வட்டாரத்துச் சபைகளை மேற்பார்க்கும் வட்டக் குரு சேலத்திலிருந்து பஸ்ஸில் ஓசூர் வந்து, அங்கிருந்து ஜட்காவில் வந்து சேர்ந்திருந்தார். அங்கியிலும் புருவத்திலும் செம்மண் தூசி. ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே பின்கட்டிலிருந்து கோழிக்குழம்பு வாசனை வந்தது. குருவின் பிரசங்கம் எதிர்பார்த்ததைவிடச் சுருக்கமாக முடிந்தது.

வாசலுக்கு வெளியே கல் வந்திருந்தது. மாட்டுவண்டியிலிருந்து இறக்கி நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார்கள். எழுத்துப் பக்கம் மண் படிந்திருந்தது. மறுபக்கம் சோப்புத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. வெங்கடப்பன் உளிப் பையோடு பக்கத்தில் குந்தியிருந்தான். சற்றுத் தள்ளிச் செல்லி சாணக் கூடையோடு நின்றாள். தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று மாசிலாமணி வரச் சொல்லியிருந்தார்.

மாசிலாமணி அறிக்கையை வாசித்தார். உறுப்பினர் இருபத்திரண்டு. கூட்டங்கள் ஐம்பத்திரண்டு. ஜெயிக்கப்பட்ட பாவங்கள் எண்ணூற்று நாற்பது. பிறகு குரல் இறங்கிற்று. தயிரைப் பற்றிய பகுதியை வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கரையையும் படகையும் வாசித்தார்.

"கேட்டவர் எந்திரிச்சுச் சாட்சி சொல்லுவாரு."

ராஜப்பன் எழுந்தான். கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை அவன் கையில் கொடுத்திருந்தார்கள். ஆமாம் என்று சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். சாப்பிடப் போகலாம். அந்த வாக்கியம் கல்லில் நிற்கும். வருடா வருடம் வாசிப்பார்கள். சில வருடம் கழித்து அவனும் அதைத்தான் கேட்டதாக நினைத்துக்கொள்வான்.

"அவ அப்படிச் சொல்லலீங்க ஐயா."

"ஸ்தோத்திரம்!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து கிருபையம்மாள் கத்தினாள். "அது என் வார்த்தை! நானும் அதைத்தான் சொல்றேன்!"

சிரிப்பு எழுந்தது. விதியை மீறியவர்களை இந்த முறை யாரும் எண்ணவில்லை.

"துக்கத்துல இருக்காருங்க ஐயா," என்றார் மாசிலாமணி. "சின்ன வயசு."

வட்டக் குரு ராஜப்பனைப் பார்த்தார். "அப்ப என்னப்பா சொன்னாங்க?"

பென்சில் மேலே வந்தது. ராஜப்பன் பென்சிலையே பார்த்தான்.

"சொன்னா. ஆனா எனக்குச் சொன்னதுங்க ஐயா."

"சபைக்குப் பிரயோசனப்படுமா?"

"படாதுங்க."

குரு தலையை ஆட்டினார். அவருக்குப் பசி. "அப்ப அந்தக் கட்டம் காலியாவே இருக்கட்டும், உபதேசியாரே."

"அஞ்சு வருஷமா காலியாத்தான் இருக்குங்க ஐயா," என்றார் மாசிலாமணி. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் நோட்டைப் பார்க்காமல் சொன்னார். ராஜப்பனுக்கு அவர்மேல் முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. என்றாலும் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அவனுக்கு முன்பே கிருபையம்மாள் வெளியே வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். "வண்டியில ஏத்து," என்றாள் வெங்கடப்பனிடம். "என் வீட்டுக்கு. இனிமே அதுமேல யாரும் துணி துவைக்கக் கூடாது."

"பேரு?" என்றான் வெங்கடப்பன்.

"முடிஞ்சப்புறம் சொல்லி அனுப்பறேன்," என்றாள்.

ராஜப்பன் தெருவில் நடந்தான். செல்லி பின்னால் ஓடி வந்தாள்.

"சாமி, என்னைக் கூப்புடுவாங்களா? நிக்கட்டா, போவட்டா?"

"கூப்பிடமாட்டாங்க. வா போலாம்."

பண்ணை வேலியோரமாக நடந்தார்கள். கொஞ்ச தூரம் வந்ததும் செல்லி, "நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சாமி," என்றாள். "அன்னிக்கு நான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வர்றப்போ உள்ள நீங்க சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. காய்ச்சல் எறங்கிடுச்சுன்னு நெனச்சுக்கினு ஓடியாந்தேன். வந்து பாத்தா அம்மா போயிருந்தாங்க."

ராஜப்பன் நின்றுவிட்டான். அவன் சிரித்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தான். அவள் சொன்னாள், அவன் சிரித்தான், சிரித்து முடித்துப் பார்த்தபோது அவள் இல்லை.

"ஆமாம். சிரிச்சேன்."

"தப்பா கேக்கல சாமி. அப்படிச் சிரிக்கிற மாதிரி என்னா சொன்னாங்க?"

செல்லியிடம் நோட்டு இல்லை. சாணக் கூடையைத்தான் இடுப்பில் வைத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான். முதலில் படகு வந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தான். பிறகு அந்தக் காலை வந்தது. உடம்பு மோசமாகிவிட்டது என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். ஆபீசிலிருந்து ஓடி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். விடிந்ததிலிருந்து மூடியிருந்த கண்ணை அவள் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே பார்வை இறங்கி அங்கேயே நின்றது. உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் அவனை அதட்டுகிறபோது வருகிற அதே குரல்தான். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், அவன் செல்லியிடம் சொன்னான்:

"என்னாங்க இது, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க? இப்படியேவா ஆபீசுல உக்காந்திருந்தீங்க?"